முப்பது நாளும் பிழைத்தவர்கள்

“ஏன் அக்கா ஒருத்தரும் சாகேல்லை?”

பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஃபோனைக் காதில் வைத்த என்னிடம் கஜன் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் இல்லை, சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரெண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

கஜன் எங்கள் முதலாளி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் ஒரு சின்ன ஆபிஸ் வைத்து விளையாட்டு தயாரிக்கிறார். என்னைவிட இருபது வயது இளையவர். என்னை அக்கா என்று கூப்பிட்டே வேலை வாங்கிவிடுவார்.

“பன்னிரண்டு பேர் விளையாடி இருக்கினம். பன்னிரண்டு பேரும் தப்பிட்டினம் எண்டு ரிப்போர்ட் வந்திருக்கு. இது உயிர் தப்புற விளையாட்டு அக்கா. ஆட்கள் சாகோணும். அரைவாசிப் பேராவது சாகோணும்.”

“சாகலைன்னா நான் என்ன செய்றது தம்பி? நானா போய் கொல்ல முடியும்?” என்றேன். முழங்கால் வலி, மழை, பஸ்ஸும் வரவில்லை. அந்த எரிச்சலில் வந்த பதில் அது. அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நீங்கள் நாலு பேர் என்னிடம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். ஆறு வருசமாகச் செய்த வேலை. பெருமையாகச் சொல்ல ரெண்டு மூன்று கதை இருக்கிறது, அதையெல்லாம் கஜன் சொல்லுவார். நான் இதைச் சொல்கிறேன்.

1. என்ன வேலை இது

சோலோ ஜேர்னலிங் என்பார்கள். ஒரே ஆள் விளையாடுவது. எதிரே ஆள் வேண்டாம், போர்ட் வேண்டாம், ஃபோனும் வேண்டாம். ஒரு ரூல்ஸ் ஷீட், ஒரு லூடோ கட்டை, ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கொப்பி. சீட்டை எடுத்தால் அதற்குரிய கேள்வி ஷீட்டில் இருக்கும். கட்டையைப் போட்டால் நல்லதா கெட்டதா என்று தெரியும். அதை வைத்து அன்றைய நாளின் கதையை நீங்கள் கொப்பியில் எழுத வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த விளையாட்டில், ஒரு ஆள் காட்டில் வழி தவறிவிடுகிறார். முப்பது நாள் தாக்குப்பிடித்தால் வீடு வந்து சேருவார். உயிருக்குக் கணக்காகப் பத்துப் புளியங்கொட்டை. கட்டையில் ஒன்று அல்லது ரெண்டு விழுந்தால் ஒரு கொட்டை போகும். யானைச் சீட்டும் காய்ச்சல் சீட்டும் வந்தால் கட்டை போடாமலே ஒன்று போகும். கொட்டை தீர்ந்தால் ஆள் முடிந்தார். கடைசிப் பக்கத்தில் எப்படிச் செத்தார் என்று எழுதி மூட வேண்டும்.

அதற்கு முன்னால் நான் பதுளை டவுனில் ஒரு கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தியக் கடதாசி, முறைப்பாடு, பேர் திருத்தம், எல்லாம். கஜனின் முதல் விளையாட்டைத் தமிழில் டைப் அடிக்க வந்தது அந்தக் கடைக்குத்தான். ரெண்டு இடத்தில் தமிழ் நாக்கில் ஒட்டவில்லை என்று திருத்திக் கொடுத்தேன். அதோடு பிடித்துக்கொண்டார். பிறகு என் வேலை மொழி மட்டும் இல்லை, பிளேடெஸ்ட்டும்தான். கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், ஆட்களைப் பிடித்து விளையாட வைத்து, திரும்ப வாங்கி, ஃபோம் நிரப்பி அனுப்புவது.

2. சீட்டுக்கட்டைக் கண்டதும்

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் ஆரம்பித்தோம். நான் அங்கேதான் தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பராவில் பிறந்தேன், அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பையிலிருந்து சீட்டுக்கட்டை வெளியே எடுத்ததும் பாதிப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். சீட்டு என்றால் அவர்களுக்குச் சூது, சம்பள நாள் சண்டை, புருசன் அடி. வீட்டுக்குள் அதை விடுவார்களா? சரி என்று ஐம்பத்திரண்டு துண்டு வெட்டி, நம்பர் போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தேன். கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். கஜனுக்குச் சொன்னபோது அவர் சிரித்து, எல்லாப் பெட்டியிலும் இனி அப்படியே போடச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. இந்த சனத்தை என்னைப்போல யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் கொழுந்து எடுக்கிறவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மலையிலிருந்து வந்து, குளித்து, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பக்கத்தை எழுதுவார்கள். நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். கட்டை என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும், உங்க இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. அதைப் பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாகத் திருப்பிச் சொல்லவைத்தேன்.

அதில் ஒருத்தி பூமணி. நாற்பது வயதிருக்கும். பிள்ளை இல்லை, தனியாக இருந்தாள். புருசன் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கிறார் என்று பக்கத்துக் காம்பரா விஜயா சொன்னாள். எப்போது போனார் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது வருசத்துக்கு முன்னால் போனவர். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன் என்று குறுக்கு வழியில் காட்டுக்குள் நடந்தவர், வந்து சேரவே இல்லை. பொலிசில் எழுதிக் கொடுத்தார்கள், தேடினார்கள், செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. பூமணி பொட்டை எடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அது தெரியாமல் காட்டில் தொலைந்த ஆளின் விளையாட்டை அவள் கையில் நான்தான் கொடுத்தேன்.

3. பன்னிரண்டு கொப்பி

ரெண்டு மாதம் கழித்துக் கொப்பிகளை வாங்கப் போனேன். பதினொரு கொப்பி ஒரே மாதிரி இருந்தது. இருபதாம் நாள், இருபத்திரண்டாம் நாள் என்று எழுத்து போகும், ஒரு கொட்டை மிச்சம் இருக்கும், அதற்குப் பிறகு கிழிந்த ஓரம், பிறகு வெறும் பக்கம். பிள்ளைகள் கிழித்திருப்பார்கள், இல்லாவிட்டால் அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். பதினொரு கொப்பியிலும் ஒரே இடத்திலா கிழியும் என்று என் மூளைக்குத் தோன்றவில்லை.

ஃபோமில் ஒரு கட்டம் இருக்கும், ‘எத்தனையாம் நாள் இறந்தார்’ என்று. அதில் எழுத யாரும் ஒரு நாள் சொல்லவில்லை. கேட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு, எல்லாம் எழுதியாச்சு மிஸ் என்றார்கள். பையோடு வருகிற பெண் எல்லோரும் அங்கே மிஸ்தான்.

முடிவு இருந்தது பூமணியின் கொப்பியில் மட்டும். மற்றவர்கள் ‘நான்’ என்று எழுதியிருந்தார்கள், அப்படித்தான் எழுத வேண்டும். அவள் ‘அவர்’ என்று எழுதியிருந்தாள். பெயர் எழுதுகிற கட்டத்திலும் ‘அவர்’. முப்பதாம் நாளில் ஒரு கொட்டை மிச்சம். ‘அவர் வாசல் இஸ்தோப்புக்கு வந்துட்டார். கால் கழுவத் தண்ணி குடுத்தேன். கால் ரெண்டும் வெடிச்சிருந்துச்சு’ என்று முடிந்திருந்தது.

நல்ல எழுத்து என்று நினைத்தேன். பிறகு ஃபோமில் ‘ரூல்ஸ் சரியாக விளங்கவில்லை’ என்று குறித்தேன். என் கையால் குறித்தேன்.

மழைக்காலம், இன்னும் மூன்று தோட்டத்து வேலை கிடக்கிறது, கஜன் தினமும் கேட்கிறார். ஒரு கொப்பியில் ஆள் பிழைத்திருக்கிறார், மற்றவற்றில் சாவுக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதற்குத்தான் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கேள்வி வந்தது.

கஜன் விளையாட்டை இறுக்கினார். பத்துக் கொட்டை ஏழானது. மூன்று விழுந்தாலும் இனி ஒரு கொட்டை போகும். புது ஷீட்டை நானே டைப் அடித்தேன்.

4. லேசா இருந்துச்சா

புது ஷீட்டோடு போன அன்றைக்குப் பூமணி அரைநாள் வேலையோடு வந்து எனக்காகக் காத்திருந்தாள். காம்பரா கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தாள். கொடியில் ஒரு ஆம்பளைச் சட்டை துவைத்துக் காய்ந்தது. அவள் ரொம்பப் பேசமாட்டாள் என்றுதான் விஜயா சொல்லியிருந்தாள். அன்றைக்கு வாய் ஓயவில்லை. சேமியாப் பாயாசம் வேறு வைத்திருந்தாள்.

“போன தடவை வந்துட்டாரு மிஸ்” என்றாள்.

“வாசிச்சேன், நல்லா எழுதியிருந்தீங்க” என்றேன். பாயாசத்தைக் குடித்தேன். சட்டையைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அரிசியும் பருப்பும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் சோறு ஆக்கத் தெரியாதவள் நான்.

புது ஷீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் ரெண்டு தரம் வாசித்தாள். ஏழு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

“முந்தினது ரொம்ப லேசா இருக்குன்னு கொழும்புல சொல்லிட்டாங்க.”

“லேசாவா இருந்துச்சு?” என்றாள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லியிருப்பேன். எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

5. விஜயா சொன்னது

அடுத்த முறை போக ஆறு வாரம் ஆனது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து கொப்பிகளைப் புரட்டினேன். ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், பத்தாம் நாள். பிறகு கிழிந்த ஓரம். இந்தத் தடவை எல்லாம் ஒன்றாக மடியில் கிடந்ததால் அந்த ஓரங்கள் கண்ணில் குத்தின. பூமணியின் கொப்பி வரவில்லை.

விஜயாவைக் கூப்பிட்டேன். எல்லாரும் ஏன் கடைசிப் பக்கத்தைக் கிழித்திருக்கிறீர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை.

“என்னா மிஸ், நீங்களும் இந்த லயத்துல பொறந்தவங்கதானே? செத்துட்டாங்கன்னு எழுதுன கடுதாசிய யாராச்சும் ஊட்டுக்குள்ள வச்சிருப்பாங்களா? படிச்சா கிழிச்சுப் போட்டுட்டு தலை முழுகணும்.”

என் அப்பா செத்த செய்தியோடு வந்த கடிதத்தை அம்மா வாசலில் வைத்துக் கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசித்த கையோடு கிழித்துப் போடுகிற வீட்டில் வளர்ந்தவள். இருபது வருசம் டவுனில் டைப் அடித்து அதையெல்லாம் துடைத்துவிட்டேன் போல. கிழித்திருந்த பதினொரு பேரின் ஆட்களும் முதல் தடவையே செத்திருந்தார்கள். பிழைத்தது பூமணியின் ஆள் ஒருத்தர்தான். அந்த ஒருத்தரை வைத்து நான் எல்லோரையும் பிழைக்க வைத்து ரிப்போர்ட் எழுதி, அந்த ரிப்போர்ட்டை வைத்து விளையாட்டை இறுக்கி, இறுக்கியதைத் திரும்ப அவள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

“பூமணி கொப்பி?” என்றேன்.

“அவ கிழிச்சு நாலு நாளாச்சு” என்றாள் விஜயா. புருசன் கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னாள்.

6. பூமணி

அவள் வேலைக்குப் போகவில்லை. இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள், அந்த நிலையிலும்.

விளையாட்டில் பதினாலாம் நாள் என்று சொன்னாள். ஒரே ஒரு கொட்டை மிச்சம் இருந்ததாம். எடுத்த துண்டில் வந்த கேள்வி, ஆற்றைக் கடக்கிறாயா, இந்தக் கரையிலேயே இருக்கிறாயா. அவர் கடப்பார், நிற்கிற ஆள் இல்லை, அதனால் கடக்கிறார் என்று எழுதினாளாம். கட்டையைப் போட்டால் மூன்று.

மூன்று. முந்தின ஷீட்டில் மூன்று விழுந்தால் கொட்டை போகாது. அவள் ஆளும் ஆற்றைக் கடந்திருப்பார்.

“இன்னொரு தரம் போட்டிருக்கலாமே பூமணி” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“கட்டை சொன்னதைத்தானே எழுதணும்னீங்க. மாத்திப் போட்டு வந்தாருன்னா அது அவரா மிஸ்?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட் பிழை, என் பிழை, மற்றவர்கள் கிழித்ததை நான் விளங்கிக்கொள்ளாதது, அதனால்தான் ஏழு கொட்டை, அதனால்தான் மூன்று. சொல்லாமல் போயிருக்கலாம், அவளுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் எழுந்திருக்க என்னால் முடியவில்லை. அழுதேன். ஐம்பத்தாறு வயதில் அடுத்தவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதேன். பையில் பழைய ஷீட் ஒன்று கிடந்தது. அதை எடுத்து, இதில் திரும்ப ஆரம்பியுங்கள், இதுதான் சரியான விளையாட்டு என்று நீட்டினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். பத்துக் கொட்டை என்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து என் கையிலேயே வைத்தாள்.

“அதுல வந்தாரு மிஸ். ஒன்றரை மாசம் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு இருந்தேன். நாய்தான் வந்துச்சு.”

ஒன்பது வருசமாக அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாள். செத்த நாள் தெரியாமல் எந்த நாளைப் பதினாறு என்று வைப்பது என்று கொழுந்தன் கேட்டுக்கொண்டே இருந்தாராம். இப்போது ஒரு நாள் இருக்கிறது, கொப்பியில் அந்தப் பக்கத்தை எழுதிய நாள். அதிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் கருமாதி வைக்கப்போகிறார்கள். நீங்களும் வரணும் மிஸ் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

7. கஜனுக்குச் சொன்னது

மறுநாள் ஃபோனில் சொன்னேன். தங்கள் ஊரில் செத்தவர்களுக்குக் கல்வெட்டு என்று புத்தகமே அடித்து வீட்டில் வைத்திருப்பார்கள், கிழிப்பார்கள் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். அவர் எப்படி நினைப்பார்? அதை நினைக்கத்தான் எனக்கு வேலை தந்திருந்தார். விளையாட்டு பழைய ரூல்ஸோடுதான் கடைக்குப் போனது. கடைசிப் பக்கத்தைத் தனித் தாளாக வைத்தோம், கொப்பியோடு சேர்க்காமல். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் போனேன். கொழுந்தன் மொட்டை அடித்திருந்தார். பூமணி புருசனின் போட்டோ கிடைக்கவில்லை என்று அடையாள அட்டைப் பிரதியிலிருந்து பெரிதாக்கி வைத்திருந்தார்கள், முகம் பாதி கறுப்பு. முறைப்படி பூமணியின் தாலியைக் கழற்றினார்கள். விஜயாதான் பிடித்துக்கொண்டாள். ஒப்பாரி வைத்தவர்கள் ஒன்பது வருசத்துக்கும் சேர்த்து வைத்தார்கள். சிலர் என்னிடம் வந்து, இப்பவாவது செய்தது நல்லதுதான், இனி அவள் நிம்மதியாக இருப்பாள் என்றார்கள். இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. அவள் புருசன் எங்கேயோ உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவர் செத்தது நான் டைப் அடித்த ஒரு வரியால்.

சாப்பாட்டில் எனக்கும் இலை போட்டார்கள். பூமணியே ரசத்தோடு வந்து, வேணுமா மிஸ் என்று கேட்டாள்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் படித்தது இதுதான். கொப்பியைக் கொடுப்பதற்கு முன்னால் உட்காருங்கள். பஸ் போனால் போகட்டும். யாரை இந்தக் காட்டுக்குள் அனுப்பப் போகிறீர்கள் என்று கேளுங்கள். என்னைத்தான், சும்மா ஒரு ஆளைத்தான் என்று சொன்னால் கொடுங்கள். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தால் கொப்பியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். ஒரு ஆள் குறைந்தால் டெஸ்ட் ஒன்றும் கெட்டுப்போகாது.